மாறாத இரண்டாவது சொல்

சங்கரன்கோவில் பக்கத்துக்காரனுக்கு ஆமை என்றால் குளத்து ஆமைதான். கோடையில் குளம் வற்றினால் சகதிக்குள் புதைந்து கிடக்கும், மழை விழுந்தால் தலைகாட்டும். தென்னிந்திய நன்னீர் ஆமைகளைப் பற்றிக் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது என் மனசில் இருந்ததும் அதுதான். அதனாலேயே பிரம்பாமை என்ற சிறிய ஆமையை நெடுநாள் குளங்களைப் பற்றிய பதிவுகளில் தேடிக்கொண்டிருந்தேன்.

முதல் தடயம் 1912. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் ஜே. ஆர். ஹெண்டர்சன், கொச்சி சமஸ்தானத்துக் காட்டில் கிடைத்த புதிய ஆமையொன்றை இரண்டே பக்கங்களில் விவரித்து, ஜியோஎமிடா சில்வாட்டிகா என்று பெயரிட்டிருந்தார். பிறகு எழுபது ஆண்டு மௌனம். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அட்டவணைகளில் இறங்கினால் தடம் அறுந்துபோகிறது. இடையில் பேரினத்தை மாற்றி ஹியோசெமிஸ் என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். மாறாமல் நின்றது 'சில்வாட்டிகா' மட்டுமே. காட்டைச் சேர்ந்தது என்று பொருள். ஹெண்டர்சன் பெயரிலேயே சொன்னதை நான் படிக்காமல் விட்டிருக்கிறேன்!

அந்தச் சொல்லை வைத்துத் தேடியதில் 1982இன் 'ஹமத்ரியாட்' இதழ் வந்தது. கட்டுரையாளர் ஜே. விஜயா. சென்னைப் பாம்புப் பண்ணையில் வேலை கற்று, இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளராக அறியப்பட்டவர். சாலக்குடிப் பக்கத்துக் காட்டிலேயே தங்கி, காடர் பழங்குடியினரின் துணையோடு அந்த ஆமையை மீண்டும் கண்டுபிடித்தார். அருங்காட்சியகத் தாளில் இல்லாத அறிவு காடர்களிடம் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்தேனோ!

ஆமை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஓடு ஏறக்குறைய 13 சென்டிமீட்டர்தான். முதுகில் மூன்று வரம்புகள், மஞ்சள் தாடை, மூக்கின் மேல் சிவப்புப் பொட்டு. நன்னீர் ஆமைக் குடும்பத்தில் பிறந்தும் நீரை நாடாமல், மழைக்காட்டின் உதிர்சருகுக்குள் வாழ்கிறது. பழங்களையும் நத்தைகளையும் தின்னும். சருகு நிறத்திலேயே ஓடு இருப்பதால், தெரியாதவர் கண்ணுக்கு எளிதில் படாது. மோல், க்ரூம்பிரிட்ஜ் ஆகிய ஆய்வாளர்களுடன் சேர்ந்து விஜயா இதன் வாழ்க்கையை விரிவாகப் பதிவுசெய்தார்.

1987இல், முப்பதைத் தொடாத வயதில் விஜயா இறந்தார். 2006இல் பிராஷாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் மரபணுவை ஆராய்ந்து, இது தனிப் பேரினம் என்று நிறுவினார்கள். முதல் சொல் மறுபடி மாறியது: விஜயாகெலிஸ் சில்வாட்டிகா. கெலிஸ் என்றால் கிரேக்கத்தில் ஆமை.

குளத்து ஆமைகளின் வரிசையில் வைத்திருந்த குறிப்பட்டையை எடுத்து, அந்தப் பெயரை எழுதி, காட்டு உயிர்களின் பெட்டிக்கு மாற்றினேன்.