நாரி நோவும் கோட்டிங்கனில் ஏழு மணித்தியாலமும்

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பாவின் முள்ளந்தண்டை நான் உடைத்துவிட்டேன். கையால் இல்லை, வாயால்.

1999. அப்பா ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்கு மூட்டை தூக்கும்போது நாரி பிடித்துக்கொண்டது. (நாரி என்றால் இடுப்புக்குப் பின்பக்கம். பாடப்புத்தகத் தமிழில் கீழ்முதுகு என்று போட்டிருப்பார்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கள், நாரிதான்.) வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் போனவன் நான். இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேருக்கு இந்த வேலை தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அம்மா அப்பாவோடு கதிரையில் இருந்து காத்திருக்கிற வேலை. வைத்தியர் படத்தைப் பார்த்து "ஃபெர்ஷ்லைஸ்" என்றார். தேய்மானம். நான் அப்பாவுக்குச் சொன்னேன்: "முள்ளந்தண்டு தேஞ்சு போச்சாம். படுத்து இருக்கட்டாம்."

அப்பா படுத்தார். ஊசி, மசாஜ், சூடான ஃபாங்கோ மண் ஒத்தடம் எல்லாம் நடந்தது. அதன் பிறகு அவர் எதையும் தூக்கவில்லை. தண்ணீர்ப் போத்தல் பெட்டியைக்கூட நான்தான் மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோவேன்.

அதே காலத்தில் எங்கள் வீட்டிலிருந்து காரில் மூன்று மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய ஒரு ஊரில் இதற்கு நேர்மாறாக ஒன்றைச் செய்து, முடிவுகளை அச்சிலும் போட்டுவிட்டார்கள் என்பது எனக்கு முப்பது வயதில்தான் தெரியவந்தது. அந்த ஊர் கோட்டிங்கன்.

அதற்கு முன்னால் படுக்கையின் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நோவுக்கு ஓய்வே மருந்து என்பது 19ஆம் நூற்றாண்டு வைத்தியத்தில் ஊறிய எண்ணம். 1934 இல் அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு சத்திரசிகிச்சை நிபுணர்கள், முள்ளந்தண்டின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால்வரை நோ வரும் என்று காட்டினார்கள். அது உண்மையான கண்டுபிடிப்பு. ஆனால் அதற்குப் பிறகு எந்த நாரி நோவையும் உடைந்துபோன ஒரு பாகமாகவே பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பாகம் உடைந்தால் அசைக்கக்கூடாது, இல்லையா? 1986 இல் ரிச்சர்ட் டேயோ என்பவர் 203 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை இரண்டு நாளும் மற்றவர்களை ஏழு நாளும் படுக்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டு நாள் படுத்தவர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு. மற்றபடி இரு பகுதிக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. 1995 இல் ஹெல்சிங்கியில் 186 நகரசபை ஊழியர்களிடம் இன்னொரு பரிசோதனை நடந்தது: படுக்கை, முதுகுப் பயிற்சி, முடிந்தளவு வழமையான வாழ்க்கை என்று மூன்று வழி. வழமைபோல நடமாடியவர்கள்தான் முந்தினார்கள்.

இதெல்லாம் புதிதாக வந்த நோவுக்கு. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நோவோடு வீட்டில் இருப்பவர்களை என்ன செய்வது? கோட்டிங்கன் பல்கலைக்கழக வைத்தியசாலையின் நோவுப் பிரிவை நடத்திய யான் ஹில்டெபிராண்ட் எடுத்துக்கொண்ட கேள்வி இது. அவர் ஒரு மயக்க மருந்து வைத்தியர். அந்தத் துறையின் கருவி ஊசி. நோகிற இடத்தைக் கண்டுபிடி, நரம்பை மரக்கச் செய். அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் மிஷாயல் ஃபிங்ஸ்டன், ஒரு உளவியலாளர். ஊசிக்காரரும் உளவியலாளரும் ஒரே அறையில் இருந்து முதுகைப் பற்றிப் பேசுவது அந்தக் காலத்தில் சாதாரணம் இல்லை.

அவர்கள் முன்மாதிரியாக எடுத்தது டல்லாஸில் டொம் மேயர் நடத்திய திட்டம். 1987 இல் மேயர் குழு வெளியிட்ட கணக்கின்படி, அதில் பங்குபற்றியவர்களில் 87 சதவீதம் பேர் இரண்டு வருடத்துக்குப் பிறகும் வேலையில் இருந்தார்கள். ஒப்பிட எடுத்த மற்றக் குழுவில் 41 சதவீதம் மட்டும். இதை ஜேர்மனிக்கு ஏற்றமாதிரி மாற்றி 1990களின் தொடக்கத்தில் கோட்டிங்கனில் நடத்தினார்கள். பெயர் "கோட்டிங்கர் றூக்கன் இன்டென்சிவ் புறொகிறாம்", சுருக்கமாக கிறிப். ஜேர்மன் மொழியில் "இம் கிறிஃப்" என்றால் ஒன்றைக் கைக்குள் வைத்திருப்பது. சுருக்கப்பெயர் வைக்கும்போது அதை நினைத்தார்களோ என்னவோ!

எப்படி நடக்கும்? முதல் மூன்று கிழமை ஆயத்தம்: விளக்கம், தசை நீட்டல், இலேசான பயிற்சி. பிறகு ஐந்து கிழமை, ஒரு நாளைக்கு ஏழு மணித்தியாலம். கிட்டத்தட்ட ஒரு வேலை நாள். உடற்பயிற்சி, வேலையில் செய்கிற அசைவுகளைப் பழகுவது, குழுவாக இருந்து பயங்களைப் பற்றிப் பேசுவது, தளர்வுப் பயிற்சி, வேலைக்குத் திரும்புவது பற்றிய ஆலோசனை. மேசையில் படுத்துக்கிடந்து வாங்குகிற சிகிச்சைகள் பின்னுக்குப் போயின. மாலையில் வீட்டுக்குப் போகலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது எண்ணிக்கை முறை. "நோகும்வரை செய், நொந்தால் நிறுத்து" என்பதுதானே நமக்கு இயல்பாக வருகிற புத்தி? அதில் ஒரு பொறி இருப்பதைச் சியாட்டிலில் வில்பேர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் ஏற்கனவே கவனித்திருந்தார். நொந்தவுடன் ஓய்வு கிடைத்தால், ஓய்வு நோவுக்குக் கிடைக்கும் பரிசாகிவிடும். உடம்பு அதைப் படித்துக்கொள்ளும். ஆகவே இன்று பத்துத் தடவை என்று முதலிலேயே முடிவெடு. பத்து முடிந்ததும் நிறுத்து, நொந்தாலும் நோகாவிட்டாலும். நாளைக்குப் பதினொன்று. நான் பொறியியல் படித்தவன், என் கண்ணுக்கு இது ஒரு பின்னூட்டச் சுற்றை வெட்டி வேறு இடத்தில் இணைப்பது போலத் தெரிகிறது.

1997 இல் ஹில்டெபிராண்டும் குழுவும் தொண்ணூறு நோயாளிகளை வைத்து ஒரு கேள்வி கேட்டார்கள்: யார் குணமாவார் என்பதை முன்கூட்டியே எது சொல்லும்? தசைப் பலமா, வளைகிற அளவா, வைத்தியர் எழுதிய நோயின் பெயரா? அவை பெரிதாக உதவவில்லை. "என்னால் இதையெல்லாம் செய்ய முடியாது" என்ற அந்த ஆளின் சொந்த மதிப்பீடு குறைந்ததா என்பதே அதிகம் சொன்னது. நோ பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை, தயவுசெய்து யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். ஒரு ஆள் வேலைக்குத் திரும்புவாரா என்பதை முதுகு தனியாக முடிவு செய்வதில்லை, அவ்வளவுதான்.

ஃபிங்ஸ்டன் இன்னும் ஒரு படி போனார். 2001 இல் வெளிவந்த ஒரு பரிசோதனையில் நாட்பட்ட நாரி நோ உள்ளவர்களைக் காலை மடக்குகிற ஒரு பயிற்சி செய்யச் சொன்னார்கள். எல்லாருக்கும் ஒரே பயிற்சி. ஒரு பகுதியினருக்கு மட்டும் "இது கொஞ்சம் நோவைக் கூட்டலாம்" என்று முன்பே சொல்லப்பட்டது. அவர்களுக்குத்தான் கூடப் பயம், கூட நோ. செய்ததும் குறைவு. ஒரே ஒரு வசனம் செய்த வேலை அது. இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. 1999 இல் நான் சொன்ன வசனம் இதைவிடப் பெரியது.

அந்தத் தேய்மானம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நோவே இல்லாத ஆட்களின் ஸ்கேன் படங்கள் பற்றிய ஆய்வுகளை 2015 இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கு இடைத்தட்டுத் தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். தலைமயிர் நரைப்பது மாதிரி என்று யாராவது எனக்கு அப்போது சொல்லித் தந்திருந்தால் நானும் அப்படியே சொல்லியிருப்பேன்.

சொல் பரவும் என்பதற்கு இந்த நாட்டிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. மதில் விழுந்த பிறகு எடுத்த கணக்கெடுப்புகளில் கிழக்கு ஜேர்மனியர்கள் மேற்கில் இருந்தவர்களைவிடக் குறைவாகவே முதுகு நோவைச் சொன்னார்கள். 2003 அளவில் அந்த இடைவெளி பெரும்பாலும் மூடிவிட்டது, கிழக்கு மேற்கின் அளவுக்கு ஏறியதால். லூபெக்கைச் சேர்ந்த ஹைனர் ராஸ்பெயும் உடன் ஆய்வாளர்களும் 2008 இல் இதை எழுதியபோது, முதுகு நோ தொற்றக்கூடிய நோயா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தார்கள். கிருமி இல்லை. ஊடகங்கள் வழியாக வந்த எண்ணங்கள் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். (எதிர்த்திசையிலும் ஒன்று போனது: மேற்கில் "கிராங்கன்கிம்னாஸ்டிக்" செய்பவர் என்று அழைக்கப்பட்டவர் 1994 சட்டத்தோடு "ஃபிசியோதெரபொய்ட்" ஆனார். கிழக்கில் முன்பிருந்தே அதுதான் பெயர்.)

கோட்டிங்கன் திட்டத்தின் கைநூல் 2003 இல் வந்தது. பல இடங்களில் இதுபோன்ற பிரிவுகள் உருவாகின. 2010 இல் வந்த நாரி நோவுக்கான தேசிய வழிகாட்டியும் 2017 இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பும் படுக்காதே, நடமாடு என்கின்றன. ஆனால் ஏழு மணித்தியாலப் பயிற்சிக்கு ஒரு குழுவே வேண்டும், ஊசிக்கு ஐந்து நிமிடம் போதும். எது இலகுவாகக் கிடைக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

போன வருடம் அம்மாவுக்கு நாரி நோ. நான்தான் கூடப் போனேன். வைத்தியர் படத்தைப் பார்த்து அதே சொல்லைச் சொன்னார், "ஃபெர்ஷ்லைஸ்". நான் வைத்தியரிடம் இரண்டு கேள்வி கேட்டேன், பிறகு அம்மாவிடம் திரும்பிச் சொன்னேன்: "இந்த வயசிலை எல்லாருக்கும் இருக்கிறதுதானாம். பயப்படத் தேவையில்லையாம். நடக்கட்டாம், பாரம் தூக்கினாலும் கொஞ்சம் கொஞ்சமாத் தூக்கட்டாம், முதுகு உடையாதாம்."

அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தா. "அவர் ஒரு சொல்லுத்தானே சொன்னவர், நீ ஏன் இவ்வளவு சொல்லுறாய்?"