தராசில் நிறுத்த உயிர்

கோசல நாட்டின் சேதவியா நகரிலே பாயாசி என்றொரு சிற்றரசன் இருந்தான். மறுமையையும் உடலுக்கு வேறான உயிரையும் அவன் நம்பவில்லை. நம்பாததோடு அமையாது சோதித்தும் பார்த்தான். கள்வன் ஒருவனை உயிரோடு சாடியிலிட்டு, வாயை ஈரத்தோலால் மூடிக் களிமண் பூசி, உலையில் ஏற்றச் செய்தான். கள்வன் மாண்டபின் மூடியை மெல்லத் திறந்து, உயிர் வெளியேறுகின்றதா என்று நோக்கினான், ஒன்றும் தென்படவில்லை. மற்றொருவனைக் கொல்லுமுன்னும் கொன்றபின்னும் தராசில் நிறுக்கச் செய்தான், பிணமே கனத்ததாம். கொடிய சோதனைகள்தாம். எனினும் கேள்வியில் வஞ்சகமில்லை: உயிர் ஒரு பொருளாயின் அது எங்கே?

பாளி மொழியிலுள்ள தீக நிகாயம் இவ்வரலாற்றைக் கூறுகின்றது. அரசனுக்கு விடையளிப்பவர் குமார காசியபர் என்னும் பிக்கு. அரசன் பகலுறக்கத்திலே சோலைகளையும் தாமரைக் குளங்களையும் கனவு காண்கிறான். அருகிருக்கும் பணிப்பெண்கள் அவனுயிர் போவதையோ வருவதையோ காண்கின்றனரா என்று வினவுகிறார் அவர். சங்கின் ஓசையைக் கேட்டு வியந்து, ஊதத் தெரியாமல் அதனைப் புரட்டியும் தட்டியும் பார்த்த ஊராரையும் எடுத்துக்காட்டுகிறார். உவமைகள் அழகியவை, ஆயினும் பாயாசியின் வினா அவற்றால் முடிந்துவிடவில்லை. பௌத்தம் நிலையான ஆன்மாவை ஏற்காத சமயம் என்பதும் இங்கே மறக்கத்தக்கதன்று.

பாயாசியின் கட்சியை வலுவாகக் கூறியவர்கள் உலகாயதர். மணிமேகலையில் வரும் பூதவாதியும் அவர்களுக்கு உறவினனே. பூவும் வெல்லமும் புளித்து மதுவாகும்போது, தனித்தனியே அவற்றில் இல்லாத வெறி பிறக்கின்றது. பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுவதும் அவ்வாறே என்பது அவன் வாதம். எளிதில் தள்ளத்தக்கதன்று இது.

நியாய நூலார் உயிரைத் தேடும் இடத்தையே மாற்றினர். கண் கண்ட பழத்தைக் கை தொடுகின்றது. கண்ணுக்குத் தொடுதல் தெரியாது. கைக்குக் காட்சி தெரியாது. 'கண்டதையே தொடுகிறேன்' என்று இரண்டையும் இணைத்து அறிவது எது? பிரமசூத்திர உரையிலே சங்கரர் இன்னும் நெருங்கிச் சென்றார். பூதங்கள் அறியப்படும் பொருள்கள். அவற்றின் குணமாயின் அறிவு அவற்றையே எவ்வாறு அறியும்? தீ தன்னையே சுடுவதில்லை. கழைக்கூத்தன் தன் தோள்மீது தானே ஏறுவதில்லை. பாயாசி நிறுத்தது அறியப்பட்ட உடலை. அதை அறிந்தவனோ தராசின் அருகே நின்றான்.

உடல் இருந்தால் உணர்வுண்டு, இன்றேல் இல்லை என்று கூறுவார்க்கும் சங்கரர் விடை வைத்திருந்தார். விளக்கிருந்தால் காட்சியுண்டு, இன்றேல் இல்லை. அதனாற் காணுதல் விளக்கின் குணமாகிவிடுமா? தலையில் அடிபட்டால் நினைவு தவறுகின்றதே என்னும் இக்காலத்தார் வாதத்துக்கும் இதனைக் கூறலாம். ஆயினும் பூதவாதி இதனால் வாயடைத்துப் போயிருப்பான் என்று எண்ண இடமில்லை.