பகிர்வு நூலகப் பொருந்தாமை

பல நிரல்கள் பொதுவில் பயன்படுத்தும் நூலகக் கோப்பு ஒன்று புதுப்பிக்கப்பட்டதும், அதை நம்பியிருந்த பழைய நிரல் முறிந்துபோவது அல்லது தாறுமாறாக இயங்குவது. நிரலில் ஒரு வரிகூட மாறியிருக்காது. நேற்றுவரை ஓடியது இன்று ஓடாது.

இயங்கும் நேரத்தில் நூலகத்தை இணைக்கும் முறை 1960களின் மல்டிக்ஸ் இயங்குதளத்திலேயே உண்டு. 1985இல் வந்த விண்டோஸ் 1.0, டிஎல்எல் எனும் பகிர்வு நூலகக் கோப்புகளின் மீதே எழுப்பப்பட்டது. நினைவகம் விலையேறியிருந்த காலத்தில் ஒரே பிரதியை எல்லா நிரல்களும் பகிர்வது பெரிய சிக்கனம். யாராவது அந்தப் பிரதியை மாற்றினால் எல்லா நிரல்களுக்கும் மாறிவிடும் என்பது அதன் மறுபக்கம்.

முறிவு பெரும்பாலும் இரு வகை. தேவையான செயற்கூறு புதிய நூலகத்தில் இல்லையென்றால் நிரல் தொடங்கும்போதோ அதை முதலில் அழைக்கும்போதோ நின்றுவிடும். காரணம் உடனே தெரியும். தரவுக் கட்டமைப்பின் அளவோ உறுப்புகளின் வரிசையோ மாறியிருந்தால் ஆபத்து அதிகம். பழைய நிரல் பழைய இடத்திலேயே எழுதும்; அங்கே இப்போது வேறொன்று இருக்கும். நினைவகம் கெட்டு, சம்பந்தமில்லாத எங்கோ ஓரிடத்தில் நிரல் விழும்.

1990களில் விண்டோஸ் பயனர்கள் இதை 'டிஎல்எல் நரகம்' என்றே அழைத்தார்கள். ஒரு மென்பொருளை நிறுவினால் அது தன்னிடமிருந்த பதிப்பைப் பொதுக் கோப்புறையில் திணிக்கும், இன்னொன்று படுத்துவிடும். விண்டோஸ் 2000 கணினிக் கோப்புகளுக்குக் காவல் போட்டது. 2001இல் வந்த எக்ஸ்பி, ஒரே நூலகத்தின் பல பதிப்புகள் அருகருகே இருக்க வழிசெய்தது. லினக்ஸில் நூலகப் பெயரோடு பதிப்பெண்ணும் சேர்ந்தே வரும். அடிப்படை நூலகமான ஜிலிப்சி ஒருபடி மேலே போய், ஒவ்வொரு செயற்கூறுக்கும் தனிப் பதிப்புக் குறியீடு வைத்தது.

ஆனாலும் 2010இல் அங்கேயே சிக்கல் வெடித்தது. நினைவகத் துண்டை நகலெடுக்கும் 'மெம்காப்பி' புதிய இன்டெல் செயலிகளுக்காக வேகப்படுத்தப்பட்டது. சில சூழல்களில் அது பின்னிருந்து முன்னாக நகலெடுத்தது. மூலமும் இலக்கும் ஒன்றின்மேல் ஒன்று படியும்போது மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது, அதற்கு 'மெம்மூவ்' இருக்கிறது என்று சி மொழித் தரநிலை சொல்கிறது. அடோபியின் ஃபிளாஷ் பிளேயர் அதைப் பொருட்படுத்தியிருக்கவில்லை. ஃபெடோரா 14 எனும் லினக்ஸ் வெளியீட்டில் எம்பி3 ஒலி கரகரத்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தாமே துருவிப் பார்த்துக் காரணத்தைச் சுட்டினார். தரநிலையைக் காட்டிப் பயனரைக் கைவிடக் கூடாது என்று வாதிட்டார். பிழை ஃபிளாஷுடையதுதான், ஐயமில்லை. ஆனால் அதன் மூலநிரல் மூடியது; கரகரப்பைக் கேட்டவரால் அதைத் திருத்த முடியவில்லை. டோர்வால்ட்ஸ் பக்கமே நியாயம் கூடுதல் எனலாம். 2011இல் ஜிலிப்சி 2.14, மெம்காப்பிக்குப் புதிய பதிப்புக் குறியீடு தந்தது. அதனால் பழைய நிரல்களுக்கு மெம்மூவின் பாதுகாப்பான நடத்தையே கிடைத்தது.

சிக்கல் அத்தோடு ஓயவில்லை. 2022இல் ஜிலிப்சி 2.36 பழைய தேடல் அட்டவணை ஒன்றைக் கைவிட்டபோது, ஈஸி ஆன்டி-சீட் எனும் மோசடித் தடுப்பு மென்பொருளை நம்பிய சில விளையாட்டுகள் ஓடாமல் போயின.

தேவையான நூலகங்களைக் கூடவே சுமந்துவரும் டாக்கர், ஃபிளாட்பேக் போன்ற முறைகள் இந்தத் தொல்லையைப் பெரிதும் தவிர்க்கின்றன. அதற்கும் விலையுண்டு. 2014இல் குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிப்பட்டபோது, பகிர்வு நூலகத்தைப் பயன்படுத்திய நிரல்களுக்கு அந்த ஒன்றைப் புதுப்பித்துச் சேவைகளை மறுபடி தொடங்குவதே ஓட்டையை அடைத்தது. சொந்தப் பிரதியை உள்ளே வைத்திருந்த மென்பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் அதைத் தயாரித்தவர் புதிய பதிப்பு வெளியிட வேண்டியிருந்தது.