பல்லாங்குழியின் நியாயம்

பல்லாங்குழியில் பகடை கிடையாது. 14 குழி, எங்கள் வீட்டு முறையில் குழிக்கு 5 வீதம் 70 காய். எல்லாம் இருவர் கண்முன்னே கிடக்கும். அதிர்ஷ்டத்தின்மேல் பழிபோட வழியில்லை. இந்தக் குடும்பத்து ஆட்டத்தை ‘ஆப்பிரிக்காவின் தேசிய விளையாட்டு’ என்று 1890-களில் எழுதினார், ஸ்டூவர்ட் கியூலின் என்ற அமெரிக்கர். கடல் கடந்தும் அது நிலைத்ததற்கு இந்த நேர்மையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

குறையும் அதற்குள்ளேயே இருக்கிறது. தோற்றவர் அடுத்த ஆட்டத்தில், கையிலுள்ள காய்கள் நிரப்புகிற குழிகளை மட்டுமே ஆளலாம். இருக்கிறவர் பக்கமே மேலும் சேரும். என்னை வென்ற அத்தை, தன் குவியலிலிருந்து பத்துப் புளியங்கொட்டைகளை என் பக்கம் தள்ளிவிடுவாள். அது விதிக்குப் புறம்புதான். ஆனால் விளக்கு வைக்கும்வரை எங்கள் ஆட்டம் நடந்தது அதனால்தான்.