சான்று சார்ந்த செவிலியப் பணி

ஆய்வில் தேறிய முறைகளை, பணி அனுபவத்தோடும் நோயாளியின் விருப்பத்தோடும் சேர்த்துக் கையாள்வது சான்று சார்ந்த செவிலியப் பணி. செவிலியர், பேறுகாலச் செவிலியர் பெரும்பாலோர் இதை வரவேற்கிறார்கள். வார்டில் நடைமுறைக்குக் கொண்டுவருவதுதான் கடினம்.

அதற்கான தடைகளை அளக்க, அமெரிக்காவில் சான்ட்ரா ஃபங்க் குழுவினர் 1991இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டனர். பல நாடுகளில் அதைப் பயன்படுத்தியபோது அடிக்கடி முன்னுக்கு வந்தவை இரண்டு: படிக்க நேரமின்மை, சிகிச்சை முறையை மாற்ற அதிகாரமின்மை. புள்ளியியல் புரியாததும் மருத்துவர்கள் ஒத்துழைக்காததும் இவற்றோடு சேரும். ஆகவே செவிலியரின் அக்கறையின்மையைக் குறைசொல்வது அநீதி.

பிரசவ அறையையே பார்க்கலாம். குழந்தை பிறந்ததும் தாய்க்கு ஆக்சிடோசின் ஊசி போட்டால் இரத்தப்போக்கு குறையும். பிறப்புவாயை எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரிப்பதில் பலனில்லை. இரண்டும் அறிந்த செய்திகள்தாம். ஆனாலும் அர்ஜென்டினா, உருகுவே நாடுகளின் 19 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் தொடக்கத்தில், மாற்றத்துக்குத் தேர்வான இடங்களில் ஊசி பெற்றவர்கள் வெறும் 2.1 சதவீதம். அங்கே சக ஊழியர்கள் தாங்கள் மதிக்கும் மருத்துவர்களையும் பேறுகாலச் செவிலியரையும் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் பயிற்சி பெற்று, வழிகாட்டி எழுதி, ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்துப் பேசினார்கள். நினைவூட்டல்களும் கணக்கறிக்கைகளும் தொடர்ந்தன. 2008இல் வெளியான முடிவுகளில் ஊசி 83.6 சதவீதத்துக்கு ஏறியிருந்தது. ஊறிப்போன பழக்கமான கத்தரிப்போ 41.1இலிருந்து 29.9 வரையே இறங்கியது. தலையீடு இல்லாத மருத்துவமனைகளில் ஊசி 12.3 சதவீதத்தோடு நின்றது; கத்தரிப்பு குறையவேயில்லை.