லயத்து வீட்டில் விருந்து

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். தொல்காப்பியர் கூறும் வனப்பு எட்டனுள் விருந்தும் ஒன்று. புதிதாகப் புனையப்படும் செய்யுளை அது குறிக்கும். இல்லத்திற்குப் புதிதாக வருவோரும் அப்பொருள் பற்றியே விருந்தினர் எனப்பட்டனர். வள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாக்கி இல்லறவியலில் வைத்தார். இல் என ஒன்று இருந்தாலன்றி விருந்தோம்பல் இல்லை என்பது அவ்வைப்பு முறையால் பெறப்படும். கோவலனைப் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றையும் தான் இழந்ததாகக் கண்ணகி கூறி வருந்துவதைச் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் காண்கிறோம்.

இவற்றையெல்லாம் மாணவர்க்கு ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். ஆயினும், கடல் கடந்து மலாயாவிற்கு வந்த நம் பாட்டன் பாட்டியர் விருந்தோம்பினரா, எங்கே ஓம்பினர், யாருடைய அனுமதியோடு ஓம்பினர் என்று நாம் கேட்பதில்லை. தோட்ட வரலாற்றை எழுதியோர் ஆள் எண்ணிக்கையை எழுதினர். கூலியையும் ரப்பர் விலையையும் எழுதினர். லயத்து வாசலில் பெட்டியோடு வந்து நின்ற உறவினரைப் பற்றி எழுதியோர் அரியர். ஒரு மண் ஒரு மக்களுக்கு எப்போது ஊர் ஆகிறது என்பதை அறிய, அவ்விருந்தினரின் வரலாறே நல்ல அளவுகோல் என்பது என் கருத்து.

இல்லம் இல்லாத காலம்

சித்தியவான் வட்டாரம் பலவகைக் குடியேற்றங்களால் உருவானது. அருகிலுள்ள லூமுட், பங்கோர் பகுதிகள் டிண்டிங்ஸ் என்னும் பெயரில் 1874 முதல் 1935 வரை நீரிணைக் குடியேற்றங்களோடு சேர்ந்திருந்தன. 1903-இல் மெதடிஸ்ட் திருச்சபையின் துணையோடு சீனாவின் பூச்சோ மக்கள் சித்தியவானில் குடியேறினர். ரப்பர் பரவியபோது ஆயர் தாவார், சுங்கை வாங்கி முதலிய இடங்களில் தோட்டங்கள் எழுந்தன. அத்தோட்டங்களுக்குத் தமிழர் வந்தனர்.

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையே மேலோங்கியது. 1907-இல் தோன்றிய இந்தியக் குடியேற்றக் குழுவின் நிதியிலிருந்து வழிச்செலவு கொடுக்கப்பட்டது. ஆவடி முகாமிலோ நாகப்பட்டினம் முகாமிலோ தங்கிக் கப்பலேறியோர் பினாங்கை அடைந்து, ஜெரெஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் காத்திருந்து, பின்னர்த் தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர்.

தொடக்கத்தில் வந்தோருள் பெரும்பாலோர் ஆடவர். 1931-ஆம் ஆண்டிலும் மலாயா இந்தியருள் ஏறத்தாழ இரண்டு ஆடவர்க்கு ஒரு பெண் என்ற நிலையே இருந்தது. ஓர் அறையில் பலர் கூடிச் சமைத்து உண்டு உறங்கினர். அங்கே கூரை இருந்தது, இல்லறம் இல்லை. புதிதாக ஒருவர் வந்தால் அவர் விருந்தினர் ஆகவில்லை. அடுத்த நாட் காலையில் பெரட்டில் நிற்கும் மற்றோர் ஆள் ஆனார். பெண்கள் வந்து அடுப்பு மூட்டிய பின்னரே லயத்து அறை வீடாயிற்று.

பங்களாவும் லயமும்

அதே தோட்டத்தின் மேட்டில் மற்றொரு குடியேறியும் வாழ்ந்தார். அவர் துரை. அவரும் வெப்ப நாட்டிற்குப் பிழைக்க வந்தவரே. இளந்துரைமார் பலர் முதல் விடுப்பில் தாயகம் செல்ல ஆண்டுகள் சில காத்திருந்தனர். முதல் தவணை முடியும்வரை மணம் செய்துகொள்ளக் கூடாதென்று நிறுவனங்கள் பல விதித்திருந்தன. தனிமை அவர்களுக்கும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பங்களாவில் விருந்தினர்க்கென அறை இருந்தது, சமையற்காரர் இருந்தார், வந்தவர் யார், எத்தனை நாள் தங்குவார் என்று துரையைக் கேட்பார் இல்லை.

லயத்தின் நிலை வேறு. தோட்டம் தனியார் நிலம், லயமும் தோட்டத்துடையது. வெளியார் ஒருவர் இரவு தங்க வேண்டுமாயின் கங்காணி வழியாகவோ கிராணி வழியாகவோ அலுவலகத்திற்குத் தெரிவித்து இசைவு பெறுதல் பல தோட்டங்களில் வழக்கமாயிருந்தது. மறுத்தால் மறுத்ததுதான். தன் அண்ணனுக்குத் தன் வீட்டுத் திண்ணையில் படுக்க இடம் கொடுக்க, பிறர் ஒருவரிடம் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது.

இது சிறு குறையாகத் தோன்றலாம். தொழிலாளர் அதனைச் சிறிதாக எண்ணவில்லை என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1941-இல் சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. அதனை முன்னின்று நடத்தியவர்களுள் ஆர். எச். நாதன் குறிப்பிடத்தக்கவர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களுக்குப் பாதுகாப்பு, துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தின் ஒழிப்பு ஆகியவை தொழிலாளரின் கோரிக்கைகள். அவற்றோடு ஒன்றாக, உற்றாரும் நண்பரும் தோட்டத்திற்குத் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதும் இடம்பெற்றிருந்தது.

இக்கோரிக்கையை நாம் நின்று நோக்க வேண்டும். வயிற்றுக்குக் கூலி கேட்ட அதே மூச்சில், விருந்தினரை வரவேற்கும் உரிமையையும் அம்மக்கள் கேட்டனர். ஏடறியாதவர் என்று எண்ணப்பட்டவர்கள் இல்லறவியலின் உட்பொருளை அறிந்திருந்தனர். அரசு படையை வரவழைத்து வேலைநிறுத்தத்தை அடக்கியது. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார்.

வரவு குறைந்த காலம்

வெளியிலிருந்தும் தடைகள் வந்தன. 1938-இல் இந்திய அரசு மலாயாவிற்கு உதவிப் பயணமாகத் தொழிலாளர் செல்வதைத் தடை செய்தது. சப்பானியர் ஆட்சியில் கப்பற்போக்குவரத்தும் கடிதமும் நின்றன. எண்ணற்ற தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வீட்டுக்கு வருவாரை எதிர்பார்த்த வாசல்கள், வீட்டை விட்டுப் போனவரை எதிர்பார்க்கும் வாசல்களாயின.

1948 சூனில் பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசர காலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. அடையாள அட்டை கட்டாயமாயிற்று. பல தோட்டங்களில் லயங்கள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. உணவு காட்டுக்குள் செல்லாதிருக்க அரிசிக்கும் கட்டுப்பாடு வந்தது. வீட்டிலுள்ள தலைகளை எண்ணி அரிசி அளக்கப்படும் காலத்தில், எண்ணிக்கையில் இல்லாத ஒருவர் வந்தால் அவருக்கு எந்தப் பானையிலிருந்து சோறு போடுவது? அக்காலத்தில் வந்தவர்க்குத் தம் பங்கைக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீர் குடித்துப் படுத்ததாக என் பாட்டியார் கூறக் கேட்டிருக்கிறேன்.

1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் இந்தியாவிலிருந்து வந்து குடியேறுவதை மிகவும் சுருக்கியது. இதன்பின் வந்த உறவினர் பெரும்பாலும் குறித்த நாள்வரை தங்கித் திரும்பும் விருந்தினரே. கடல் கடந்த உறவில் இது ஒரு திருப்பம். அதுவரை வந்தவர் தங்கிவிடுவார். இனி வந்தவர் போய்விடுவார். வீட்டார் யார், விருந்தினர் யார் என்னும் வேறுபாடு அப்போதுதான் தெளிவாயிற்று.

கப்பலில் வந்த சித்தப்பா

நம் முதியோர் நினைவில் நீங்காத கப்பல் ரஜூலா. 1926-இல் கட்டப்பெற்ற அது, 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனச் சென்று வந்தது. அதன்பின் சிதம்பரம் என்னும் கப்பல் அப்பணியை ஏற்றது. 1985 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தோடு அதன் பயணமும் முடிந்தது.

அச்சிதம்பரம் கப்பலில்தான், எனக்கு ஒன்பது வயதான 1979-இல், தாத்தாவின் தம்பி மகன் எங்கள் தோட்டத்திற்கு வந்தார். எனக்குச் சித்தப்பா முறை. பினாங்கில் இறங்கிப் பேருந்து மாறி மாறிச் சித்தியவான் சேர்ந்தார். தகரப் பெட்டியில் புளி, வடகம், கருப்பட்டி, குலதெய்வக் கோயில் திருநீறு ஆகியவற்றைக் கொண்டுவந்திருந்தார். திருநீற்றைத் தாத்தா வாங்கும்போது அவர் கை நடுங்கியதைக் கண்டேன்.

மறுநாள் தாத்தா சட்டை அணிந்து, சித்தப்பாவின் கடப்பிதழை எடுத்துக்கொண்டு தோட்ட அலுவலகத்திற்குச் சென்றார். எத்தனை நாள் தங்குவார் என்று கேட்டு அங்கே புத்தகத்தில் எழுதிக்கொண்டனர். திரும்பி வந்தபோது சித்தப்பா வினவினார்:

“பெரியப்பா, உங்கள் வீட்டில் நான் தங்க அவர்களை ஏன் கேட்க வேண்டும்?”

தாத்தா சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “தம்பி, இந்த வீட்டில் நாங்களும் தங்கியிருக்கிறோம், அவ்வளவுதான்” என்றார்.

அன்று அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் நாள்தோறும் ஒரு கறி கூடியது. தோட்டத்து மளிகைக் கடையில் பற்று ஏறியது. சம்பள நாளில் அது கழிந்தது. இருள் பிரியுமுன் எழுந்து ஆக்கி வைத்துவிட்டுப் பாட்டியும் அம்மாவும் பால்வெட்டுக்குப் போயினர். விருந்தினர் பகல் முழுதும் தனியே இருந்தார். நான்காம் நாள் அவர் பிடிவாதமாக அவர்களோடு காட்டுக்குச் சென்றார். கொசுக்கடியும், மங்குகளைத் துடைத்து வைத்து மரத்துக்கு மரம் ஓடும் ஓட்டமும், பால்வாளியின் பாரமும், ஒட்டுப்பாலின் நாற்றமும் அவர் அறியாதவை. ஊரில் அவர்கள் கண்டது மணியார்டரை மட்டுமே. மலாயாவில் செல்வமாக வாழ்கிறார்கள் என்று நம்பியிருந்தனர். அப்படி நம்பும்படியே தாத்தாவும் கடிதம் எழுதி வந்தார். விருந்தினர் வந்ததால் அப்பொய் உடைந்தது.

அவர் திரும்பும் நாளில் கைலி, கோடாலித் தைலம், டார்ச் விளக்கு என்று பெட்டி நிறைந்தது, அதற்கும் கடன்தான். ஊர் சேர்ந்தபின் வான்கடிதம் ஒன்று வந்தது. நலம் விசாரித்து, இனிப் பணம் அனுப்ப வேண்டா என்று ஒரு வரி எழுதியிருந்தார். தாத்தா அக்கடிதத்தைப் பலமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்கு அதில் மகிழ்ச்சியும் இருந்தது, அவமானமும் இருந்தது. தம்பியின் வீட்டுக்குத் தாம் இனித் தேவையில்லையோ என்னும் ஐயமும் இருந்தது என்றே இப்போது எண்ணுகிறேன்.

ஊர் என்னும் சொல்

1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1969-இல் நடைமுறைக்கு வந்தபோது, குடியுரிமை பெறாத தொழிலாளர் வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று. பல்லாயிரவர் இந்தியா திரும்பினர். வந்தவர்க்கெல்லாம் சோறிட்ட கைகள், ஆண்டுகள் பல கழித்துப் பிறர் வீட்டு வாசலில் விருந்தாளியாக நின்றன. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீட்டு மனைகளாகியும் போயின, லயங்கள் காலியாயின. எங்கள் குடும்பமும் 1988-இல் சித்தியவான் நகரை ஒட்டி மலிவு விலை வீடொன்றில் குடியேறியது. இரண்டே அறைகள். ஆனால், முதல் விருந்தினர் வந்த அன்று யாரும் யாரிடமும் சென்று அனுமதி கேட்கவில்லை. தாத்தா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவரை இன்னும் நான்கு நாள் இருந்து போகச் சொன்னார். அக்குரலில் இருந்த உரிமையை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் ஊர்நாடு என்றால் தமிழகம். ஊருக்குப் போதல் என்றால் கப்பலேறுதல். தாத்தா அவ்வூருக்குத் திரும்பாமலே மறைந்தார். பின்னர் என் தந்தையார் விமானமேறி அங்குச் சென்றார். வாழையிலை விரித்து நன்றாகவே உபசரித்தனர். உண்டு முடித்தபின் முதிய பெண்மணி ஒருவர் அன்போடு, “எப்போது ஊருக்குத் திரும்புகிறாய், அப்பா?” என்று வினவினாராம். அவர் குறித்த ஊர் சித்தியவான். மூன்று தலைமுறையாக நாங்கள் தயங்கிய ஒன்றை விருந்து கொடுத்தவர் ஒரு சொல்லில் முடித்துவிட்டார்.

மாணவர்க்கு ஒரு பணி

இக்காலத்தில் வரவு எளிதாயிற்று. 2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் விசா இன்றி வர மலேசிய அரசு வழி செய்தது. சென்னையில் ஏறியவர் சில மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்குகிறார். பங்கோர்க் கடற்கரையைக் காட்டி, ஈப்போவின் கல்லுமலைக் கோயிலைக் காட்டி மகிழ்வோடு அனுப்புகிறோம். லயம் இருந்த இடத்தை மட்டும் காட்டுவதில்லை. காட்ட வேண்டும் என்பேன். செம்பனைக்கு நடுவே நிற்கும் பழைய கிணறும் கோயிலும் நம் வரலாற்றைச் சொல்லும்.

ஆசிரியர்கள் விருந்தோம்பல் அதிகாரத்தைப் பாடம் நடத்தும்போது, மாணவர்க்கு ஒரு பணி கொடுக்கலாம். உங்கள் வீட்டுக்குக் கடல் கடந்து முதலில் வந்த விருந்தினர் யார்? எந்தக் கப்பலில் வந்தார்? என்ன கொண்டுவந்தார், என்ன கொண்டுசென்றார்? அவர் தங்க யாரிடம் அனுமதி கேட்டீர்கள்? இந்நான்கு வினாக்களைப் பாட்டியிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். கேட்க வேண்டிய முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.

1941-இல் கிள்ளான் தொழிலாளர் கேட்ட அவ்வுரிமை இன்று நம் கதவின் தாழ்ப்பாளில் இருக்கிறது. விருந்தினர் வந்து கதவைத் தட்டும்போது நாமே எழுந்து சென்று திறக்கிறோம். அத்தாழ்ப்பாளைத் திறக்க நம் முன்னோர்க்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைப் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும்.