நாற்பத்தொன்று முப்பத்தொன்பதான வரலாறு

குடிமக்களை எண்ணும் கணக்கை நம் முந்தைய தலைமுறையினர் 'கானேஷுமாரி' என்றழைத்தனர். 'கானா' என்றால் வீடு. 'ஷுமாரி' என்றால் எண்ணுதல். இரண்டும் பாரசீகச் சொற்கள். வீட்டை எண்ணிய அக்கணக்கே நாட்டின் அவையில் நாற்காலிகளை எண்ணும் கணக்காகவும் ஆயிற்று.

மக்களவை இடங்களுக்கும் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதம் இயன்றவரை எல்லா மாநிலங்களிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்கிறது இந்திய அரசியல் சட்டத்தின் 81ஆவது பிரிவு. ஒவ்வொரு குடிக்கணக்கின் பின்னரும் அவ்விடங்களைத் திருத்தியமைக்கப் பணிக்கிறது 82ஆவது பிரிவு. நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் மெல்ல வளரும் மாநிலம் இழக்கும் என்பதும் அதனுள்ளேயே அடங்கியிருந்தது.

1957, 1962 தேர்தல்களில் சென்னை மாநிலம் மக்களவைக்கு 41 உறுப்பினர்களை அனுப்பிற்று. 1951க்கும் 1961க்கும் இடையே இந்திய மக்கள்தொகை 21 விழுக்காட்டுக்கு மேல் பெருக, சென்னையிலோ 12 விழுக்காடும் நிறையவில்லை. விளைவாக 1967 தேர்தலில் 39 இடங்களே கிடைத்தன. ஆந்திரமும் 43இலிருந்து 41க்கு இறங்கிற்று. கேரளமோ 18இலிருந்து 19க்கு ஏறிற்று. குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கிடைத்த தண்டனை இது என மேடைகளில் முழங்குவர். அத்திட்டம் 1952இல்தான் தொடங்கிற்று. அந்தப் பத்தாண்டின் குறைவு முழுவதையும் அதன் பற்றில் எழுதுவது நமக்குப் பொருத்தமாகப் படவில்லை. 1971க்குப் பிற்பட்ட குறைவுக்கு அக்கூற்று பெரிதும் பொருந்தும்.

நெருக்கடி நிலையின்போது, 1976 ஏப்ரலில் வெளியான தேசிய மக்கள்தொகைக் கொள்கை, 1971ஆம் ஆண்டுக் கணக்கையே 2001 வரை நிலைநிறுத்த முற்பட்டது. அவ்வாண்டே வந்த 42ஆவது திருத்தம் அதனைச் சட்டமாக்கிற்று. மக்களவை, சட்டமன்றங்கள் ஆகியவற்றின் ஆயுளை ஐந்திலிருந்து ஆறாண்டாக நீட்டியதும் அதே திருத்தம்தான். 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம் ஆறை மீண்டும் ஐந்தாக்கிற்று. (தனி அரசியல் சட்டம் கொண்டிருந்த ஜம்மு காஷ்மீரின் சட்டமன்றம் மட்டும் 2019 வரை ஆறாண்டு முறையிலேயே இருந்தது.) இடங்களின் மீது இட்ட பூட்டை அது தொடவில்லை. மக்களைக் கருத்தடைக்கு வலிந்து இழுத்துச் சென்ற காலத்தில் பிறந்த ஏற்பாடு, குடும்பங்களைச் சுருக்கிக்கொண்ட மாநிலங்களுக்குப் பின்னர் அரணாயிற்று என்பதை வியப்போடு காண்கிறோம்.

2002இல் நடைமுறைக்கு வந்த 84ஆவது திருத்தம் அப்பூட்டை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் குடிக்கணக்கு வரை நீட்டிற்று. 2003ஆம் ஆண்டின் 87ஆவது திருத்தம் 2001ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு தொகுதி எல்லைகளை மாற்ற இசைந்தது. மாநிலங்களின் எண்ணிக்கையை மாற்ற இசையவில்லை.

பூட்டு மேலும் குறையாமல் காத்ததேயன்றி, போன இரண்டைத் திருப்பித் தரவில்லை. இரண்டு இடம் பெரிதா என்போர் 1999 ஏப்ரல் 17ஐ நினைவுகூரலாம். அன்று வாஜ்பாய் அமைச்சரவை 269க்கு 270 என ஒரே வாக்கில் கவிழ்ந்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்நிகழ்ச்சியைச் சுட்டி, 14 தேர்தல்களில் இழந்த 28 உறுப்பினர்களுக்கு ஈடாக 5,600 கோடி ரூபாயை ஏன் வழங்கலாகாது என மத்திய அரசை வினவிற்று. 2024ஆம் ஆண்டுத் தேர்தலிலும் தமிழ்நாடு 39 பேரையே அனுப்பிற்று.